ஆறு எங்கே ஓடுது: அப்பா அம்மாவோடு பாலைவனத்தில் ஒன்பது நாள்

2024 அக்டோபர் 13, ஞாயிறு. டாலஸ், கிளம்புவதற்கு முந்தைய இரவு

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. மளிகைக் கடை, கோயில், வீடு. இதற்கு மேல் அவர்களை நான் எங்கும் அழைத்துப் போகவில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்தப் பயணம். லாஸ் வேகாஸில் இறங்கி வாடகை வண்டி எடுப்பது, அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் இருக்கும் டெத் வேலி, ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் எல்லாவற்றையும் பார்த்துத் திரும்புவது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எங்கே பெட்ரோல், எங்கே தூக்கம் என்று எல்லாம் அதில் இருந்தது.

அச்செடுத்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல ஆறு எங்க ஓடுது?"

அப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஊர் ஊராய்ப் பிரிந்து, கடைசியில் மிச்சம் இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வரும். இப்போது நிலம் சித்தப்பாவின் பொறுப்பில் இருக்கிறது. இந்த வருடம் வழக்கம்போல் ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்கவில்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், குறுவை போய்விட்டது. அப்பா விமானம் ஏறியதே அந்த வருத்தத்தோடுதான்.

நீலப் பேனாவால் கொலராடோ ஆற்றை வரைந்து காட்டினேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் போட்டிருந்த ஊர்களில் பாதிக்கு மேல் அந்த ஆற்றைச் சார்ந்தவை. அம்மா பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார்: "ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல வண்டியில உட்கார வைக்காத பாப்பா, முட்டி பிடிச்சுக்கும்." அதனால் பிரைஸ், ஆர்ச்சஸ், மானுமென்ட் வேலி மூன்றையும் அடித்துவிட்டேன். இரண்டு வார வேலை அரை மணி நேரத்தில் மாறிவிட்டது. டெத் வேலியை மட்டும் விட மனசில்லை. ஆறே இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டுமே.

பெட்டியில் குட்டி ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி. புரட்டாசி இன்னும் முடியாததால் அம்மா வெளிச்சாப்பாட்டை நம்பத் தயாராக இல்லை.

அக்டோபர் 14, திங்கள். லாஸ் வேகாஸ்

மாலை நான்கு மணிக்கு இறங்கினோம். வெயில் தோலைத் தொட்டது, ஆனால் வியர்க்கவில்லை. வியர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. அம்மாவின் உதடு இரண்டு மணி நேரத்தில் வெடித்துவிட்டது. வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பலசரக்குக் கடையில் ஐந்து கேலன் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உதட்டுக்கு வாசலைன் வாங்கினோம்.

அறை வாடகை மலிவாகத் தெரிந்ததால்தான் அந்த விடுதியைப் பிடித்தேன். வரவேற்பு மேசையில் நின்றபோது ஒரு நாளைக்கு 45 டாலர் 'ரிசார்ட் கட்டணம்' தனியாக எழுதினார்கள். பதிவு செய்த பக்கத்தில் அது அடியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. இந்த ஊரில் அறை தேடுபவர்கள் கடைசித் தொகையைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இரவு பெல்லாஜியோ நீரூற்றுக்குப் போனோம். பாட்டுக்கு ஏற்ப தண்ணீர் பனைமர உயரத்துக்கும் மேலே எழும்பி விழுந்தது. அம்மா குழந்தை மாதிரிக் கைதட்டினார். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், கேட்காமலே விலகி நின்று அவருக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் இடம் கொடுத்தார். அப்பா மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். "பாலைவனத்துல ஆத்துத் தண்ணிய இப்படித் தூக்கி வீசுறாங்களே."

அது ஆற்று நீர் இல்லை, முன்பு அங்கே இருந்த கோல்ஃப் மைதானத்தின் கிணற்று நீர் என்று படித்துச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் படித்தபோது எனக்கே ஆச்சரியம். இந்த ஊர் குடிப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் கொலராடோ நீர். ஆனால் வீட்டுக்குள்ளும் விடுதிக்குள்ளும் குளித்து, துவைத்து வெளியேறும் நீரைச் சுத்தம் செய்து, அந்த ஆற்று நீர் தேங்கும் மீட் ஏரியிலேயே மறுபடி விட்டுவிடுகிறார்கள். வீணாவது வெளியே புல்லுக்கு ஊற்றும் நீர்தான். அதனால் 2021-இல் சட்டமே போட்டு, யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்தரைகளை 2026 முடிவுக்குள் அகற்றச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா தலையாட்டினார். "அது நல்ல வேலை," என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய். ஹூவர் அணை

லாஸ் வேகாஸிலிருந்து 35 மைல். வண்டி நிறுத்த 10 டாலர். திட்டத்தில் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன், இருந்தது ஐந்து மணி நேரம்.

726 அடி உயரக் கான்கிரீட், இரண்டு பாறைகளுக்கு நடுவே வளைந்து நிற்கிறது. 1935-இல் திறப்பு விழா. நம்முடைய மேட்டூர் அணை திறந்தது 1934-இல். இரண்டும் ஒரே காலத்தில் எழுந்தவை. அப்பாவின் தாத்தா மேட்டூர் கட்டும்போது ஒருமுறை மாட்டுவண்டியும் ரயிலுமாகப் போய்ப் பார்த்தவராம். அந்தக் கதையை இந்த அணையின் மேல் நின்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

லிஃப்டில் கீழே இறக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் கூட்டிப் போனார்கள். 30 அடி விட்டமுள்ள குழாய் ஒன்று எங்கள் காலடியில் ஓடியது. அதற்குள் தண்ணீர் பாயும்போது தரை லேசாக அதிர்ந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். வழிகாட்டிப் பெண் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், மற்றவர்களை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு என் நன்றி.

மேலே வந்து ஏரியைப் பார்த்தோம். மீட் ஏரி. தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாறை முழுவதும் வெள்ளையாக ஒரு பட்டை, வாளியில் உப்புக்கறை படிந்த மாதிரி. பழைய நீர்மட்டம் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு அது. முழுக்க நிறைந்தால் கடல் மட்டத்திலிருந்து 1,229 அடி, இப்போது 1,060 அடியை ஒட்டி நிற்கிறது. கொள்ளளவை நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். 1,100 டிஎம்சிக்கு மேல் வருகிறது. மேட்டூர் 93.47. "பன்னிரண்டு மேட்டூர்," என்றார் அப்பா. அதில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது இருக்கிறது என்றேன். அவர் அந்த வெள்ளைப் பட்டையைக் கை நீட்டி அளந்துகொண்டே இருந்தார்.

"இதுக்கும் பங்கு சண்டை உண்டா?"

உண்டு. 1922-இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. மேல்பாதிக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்பாதிக்கு 75 லட்சம். சேர்த்தால் ஏறத்தாழ 650 டிஎம்சி. அவர்கள் கணக்குப் பார்த்த வருடங்கள் நல்ல மழை பெய்த வருடங்கள். ஆற்றில் அத்தனை நீர் எப்போதும் வருவதில்லை. இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டார்கள். நமக்கு 1924 காவிரி ஒப்பந்தம், இவர்களுக்கு 1922. அப்பாவுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கடைமடைக்காரன் யாரு?"

மெக்சிகோ. 1944 உடன்படிக்கைப்படி வருடம் 15 லட்சம் ஏக்கர் அடி, சுமார் 65 டிஎம்சி. அதையும் எல்லையிலேயே வயலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். 1960-களுக்குப் பிறகு பெரும்பாலான வருடங்களில் இந்த ஆறு கடலைத் தொடுவதே இல்லை. முகத்துவாரத்தில் இருந்த பெரிய டெல்டா காய்ந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.

அக்டோபர் 16, புதன். டெத் வேலி

பரம்ப் என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டோம். உள்ளே ஃபர்னஸ் க்ரீக்கில் ஒரு கேலன் 6 டாலருக்கு மேல். தேசியப் பூங்காக்களுக்கு 80 டாலர் வருட அட்டை வாங்கிவிட்டேன். அப்போது டெத் வேலிக்கு ஒரு வண்டிக்கு 30, ஜயானுக்கு 35, கிராண்ட் கேன்யனுக்கு 35 என்று இருந்தது. மூன்று பூங்கா போவதால் எங்களுக்கு அட்டை லாபமாக இருந்தது.

அக்டோபர் நடுவிலும் மதியம் நூறு டிகிரியைத் தொட்டு நின்றது. நம் கணக்கில் 38 இருக்கும். "இது நம்ம கத்திரி வெயில் தானே," என்று சொல்லிக்கொண்டே இறங்கிய அப்பா, பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டார். ஊரில் வெயில் என்றால் புளியமர நிழல் ஒன்று எங்காவது இருக்கும். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிழல் என்றால் எங்கள் வண்டியின் நிழல்தான். 1913 ஜூலை 10-இல் இதே ஃபர்னஸ் க்ரீக்கில் 134 டிகிரி, அதாவது 56.7 செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. வருடத்துக்கு மொத்தமே இரண்டு அங்குல மழை. பூமியில் மிகச் சூடான இடம் என்று பெயர் வாங்கிய இந்த மண்ணில் டிம்பிஷா ஷோஷோனி பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் ஊரைக் கடந்துதான் போனோம்.

மாலை வெயில் தாழ்ந்ததும் பேட்வாட்டர் போனோம். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. எதிர்ப் பாறையில் ரொம்ப உயரத்தில் ஒரு வெள்ளைப் பலகை, 'கடல் மட்டம்' என்று. காலடியில் உப்பு, கட்டம் கட்டமாக வெடித்துப் பூத்திருக்கிறது. அம்மாவுக்கு வேதாரண்யம் உப்பளம் ஞாபகம் வந்துவிட்டது. குனிந்து ஒரு கல் உப்பு எடுக்கப் போனார். பூங்காவில் எதையும் எடுக்கக்கூடாது என்றதும், தொட்டுப் பார்த்துவிட்டு விரலை நக்கிக்கொண்டார். "கசக்குது."

ஒரு தவறு செய்திருந்தேன். நட்சத்திரம் பார்க்கத்தான் இங்கே ஓர் இரவு போட்டது. நாட்டிலேயே அதிக இருட்டுள்ள பூங்காக்களில் இது ஒன்று. நாளைக்குப் பௌர்ணமி என்பதை நான் பார்க்கவே இல்லை. நாள்காட்டியை அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். வானம் பால் மாதிரி வெளுத்துவிட்டது. ஆனால் அம்மாவுக்கு மகா சந்தோஷம். உப்புத்தரை முழுவதும் நிலா வெளிச்சத்தில் பளபளத்தது. அங்கே தொலைநோக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் கை காட்டி அழைத்தார். மேற்கே ஒரு வால் நட்சத்திரம், சுச்சின்ஷான் அட்லஸ் என்று பெயராம். தொலைநோக்கியின் உயரத்தைத் தானாகவே குறைத்து முதலில் அம்மாவுக்குக் காட்டினார், பிறகு அப்பாவுக்கு. வால் மெல்லிய புகை மாதிரி நிமிர்ந்து நின்றது. அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அவரும் கைகூப்பினார்.

அக்டோபர் 17, வியாழன். டெத் வேலியிலிருந்து ஸ்பிரிங்டேல்

பயணத்தின் மோசமான நாள் இது.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் டயர் காற்று விளக்கு எரிந்தது. பின்பக்க வலது டயரில் ஓர் ஆணி. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. பசை அடைக்கும் டப்பா ஒன்றுதான் இருந்தது. எடுக்கும்போது நான் திறந்து பார்க்கவில்லை. வாடகை நிறுவனத்தை அழைத்தால் மூன்று மணி நேரம் ஆகலாம் என்று சொல்லும்போதே தொடர்பு துண்டித்துப் போனது. அதற்குப் பிறகு சிக்னலே வரவில்லை. காற்று வேறு எழும்பி, பள்ளத்தாக்கு முழுவதும் புழுதி.

பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பழைய பிக்கப் வண்டியில் வந்த வயதான தம்பதி தாங்களாகவே இறங்கி வந்தார்கள். அவர் தன் வண்டியிலிருந்து சின்ன காற்றடிக்கும் கருவியை எடுத்து டயரை நிரப்பினார். ஆணியைப் பிடுங்காதே, அதுதான் இப்போது அடைப்பாக இருக்கிறது என்றார். அது போதாதென்று, பரம்ப் வரை 60 மைலும் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். இடையில் இரண்டு முறை நிறுத்தச் சொல்லிக் காற்று பார்த்தார். டயர் கடை வாசலில் எங்களை விட்டதும் ஹாரன் அடித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் போக வேண்டிய திசை அதுதான். எங்களுக்காகத்தான் 120 மைல். அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலம் ஒன்றைத் தவிர அவர்கள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

பஞ்சர் ஒட்ட 25 டாலர், காத்திருந்தது இரண்டு மணி நேரம். பிறகு லாஸ் வேகாஸ் வழியாக வடகிழக்கே. அம்மாவின் நான்கு மணி நேர நிபந்தனை இன்று உடைந்துவிட்டது. வர்ஜின் ஆறு குடைந்த மலையிடுக்கு வழியாக நெடுஞ்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பக்கவாட்டில் அடிக்கும் காற்றில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து என் தோள் இரண்டும் கல்லாகிவிட்டன. அதோடு, யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதித்துவிட்டது. எட்டே கால் என்று நான் நினைத்தபோது ஒன்பதே கால். ஜயான் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில் உணவகங்கள் எல்லாம் மூடியாயிற்று.

அறையில் ரைஸ் குக்கர் வைத்தோம். சுடுசாதத்தில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து அம்மா உருட்டி உருட்டிக் கையில் வைத்தார். எனக்கு நாற்பத்தொன்று. கடைசியாக எப்போது அப்படிச் சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி. ஜயான்

நேற்றைய காற்று குளிரைக் கொண்டுவந்திருக்கிறது. முந்தாநாள் நூறு டிகிரி, இன்று காலை ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை. பாலைவனம் என்றதும் பருத்தித் துணி மட்டும் எடுத்து வைத்தது என் பிழை. கடையில் அம்மாவுக்கு ஒரு கம்பளிக் குல்லாய், 28 டாலர். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு முதலில் வேண்டாம் என்றார், பிறகு நாள் முழுக்கக் கழற்றவில்லை.

பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டி போகக்கூடாது, பூங்காவின் இலவசப் பேருந்துதான். வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஆற்றோரம் ஒரு மைல் சமதளமாக நடக்கலாம். இரண்டு பக்கமும் செம்பாறை வானத்துக்கு எழும்புகிறது. பாறையின் நடுவிலிருந்து நீர் கசிந்து, அந்த ஈரத்தில் பெரணிச் செடிகள் தொங்குகின்றன. மேலே பெய்த மழை மணற்கல்லுக்குள் சொட்டுச் சொட்டாய் இறங்கி இங்கே வெளிவர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகுமாம். "அப்ப இது ராசராச சோழன் காலத்து மழை," என்றார் அப்பா. அம்மா கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆற்றைப் பார்த்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டாத குறை. முழங்கால் அளவுத் தெளிந்த நீர். முகம் கழுவக் குனிந்தவரை நான்தான் தடுத்தேன். நீரில் நச்சுப் பாசி இருக்கலாம், குடிக்காதீர்கள், தலையை நனைக்காதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். ஆற்றங்கரையில் நின்று ஆற்றைத் தொடாமல் திரும்பியது அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இந்த ஆறும் கீழே போய் மீட் ஏரியில்தான் சேர்கிறது.

அக்டோபர் 19, சனி. பேஜ்

மலையைக் குடைந்த ஒரு மைல் நீளச் சுரங்கச் சாலை, 1930-இல் போட்டது. தாண்டினால் பாறையெல்லாம் கோலப் புள்ளிக்குக் கோடு இழுத்த மாதிரிக் கட்டம் கட்டமாக இருக்கிறது. மதியம் பேஜ் வந்துவிட்டோம். அணை கட்ட வந்த ஆட்களுக்காக 1957-இல் உண்டாக்கிய ஊர் இது.

கிளென் கேன்யன் அணை 710 அடி. மேலே பவல் ஏரி. நிறைய 17 வருடம் எடுத்து 1980-இல் நிறைந்த ஏரி, இப்போது பாதிக்கும் கீழே. அங்கேயும் அந்த வெள்ளைப் பட்டை. பெயருக்குரிய ஜான் வெஸ்லி பவல் ஒரு கையை இழந்தவர், 1869-இல் படகில் இந்த ஆற்றின் பள்ளத்தாக்குகளைக் கடந்து போனவர். இந்த வறண்ட நிலம் முழுவதற்கும் பாய்ச்ச இங்கே தண்ணீர் போதாது, நீங்கள் வழக்கும் சண்டையும்தான் சேர்த்து வைக்கிறீர்கள் என்று 1893-இல் ஒரு நீர்ப்பாசன மாநாட்டில் எழுந்து சொன்னாராம். கூட்டம் கூச்சலிட்டு அவரை எதிர்த்தது. அப்பா இதை இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். "அந்த மனுசன் பேருல ஏரியக் கட்டியிருக்காங்க," என்றார் மெதுவாக.

மாலை ஹார்ஸ்ஷூ பெண்ட். ஆயிரம் அடிக்குக் கீழே ஆறு குதிரை லாடம் மாதிரி வளைகிறது. பச்சை நிறம், கண்ணாடி மாதிரி. கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம். செம்மண் கரைத்து ஓடிய ஆறு அது. மண்ணெல்லாம் அணைக்குப் பின்னால் தங்கிவிட, அடி ஆழத்துக் குளிர்ந்த நீர் மட்டும் வெளியே வருகிறது. எல்லோரும் அந்தப் பச்சையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கேட்டார்: "வண்டல் எங்க போச்சு?" புதுத் தண்ணீர் வரும் நாளில் வாய்க்கால் நிறம் பார்த்துச் சிரிப்பவர் அவர். தெளிந்த ஆற்றைப் பார்த்து இப்படிக் கவலைப்படும் ஒருவரோடு வந்ததால்தான் அந்தப் பச்சைக்குப் பின்னால் இருந்ததை நான் பார்த்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. ஆன்டெலோப் கேன்யன், கேமரன்

அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் கிடையாது. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உண்டு. காலையில் என் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்ததோ, ஒரு மணி நேரம் தள்ளிக் காட்ட, அவசர அவசரமாகக் கிளம்பி ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றோம். அறை கடிகாரத்தை நம்புங்கள். அங்கிருந்த நவஹோ பெண்மணி வெளியே குளிர் என்று உள்ளே அழைத்து நாற்காலி போட்டார், காபி கொடுத்தார்.

ஆன்டெலோப் கேன்யன் ஒரு குறுகிய பாறையிடுக்கு. அதற்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மேல் கேன்யன் தரை சமமாக இருக்கிறது, கீழ்க் கேன்யனில் இரும்பு ஏணிகள். பெரியவர்களோடு போனால் மேலே உள்ளதை எடுங்கள். ஒருவருக்கு 100 டாலருக்கு மேல் ஆகிறது. வழிகாட்டி தன்னை அறிமுகம் செய்யும்போது பெயரோடு நிற்கவில்லை, தாயின் குலம், தந்தையின் குலம் இரண்டையும் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பிறந்த வீடு, புகுந்த வீடு, இரண்டின் குலதெய்வம் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லச் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

உள்ளே பாறை பட்டுத்துணி மடித்தது போல் அலை அலையாக இருக்கிறது. தண்ணீர் செதுக்கியது. 1997 ஆகஸ்டில் எங்கோ மைல் கணக்கில் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாகக் கீழ்க் கேன்யனுக்குள் புகுந்து 11 பேரைக் கொண்டுபோனது. இங்கே வானம் வெளுத்திருந்தாலும் வானிலை பார்க்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

பேச்சுவாக்கில் வழிகாட்டி சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அவர் அம்மா வீட்டுக்குக் குழாய் இல்லை. வாரம் இரண்டு முறை பிக்கப்பில் டாங்க் வைத்துத் தண்ணீர் எடுத்துப் போகிறார். நவஹோ நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகள் அப்படித்தான். பக்கத்திலேயே இத்தனை பெரிய ஏரி. அந்த மக்களுக்கு நீர் உறுதி செய்து கொடுக்கும் கடமை 1868 உடன்படிக்கைப்படி அரசுக்கு இல்லை என்று 2023-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லியிருக்கிறது. எனக்குக் கோபமாக வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

மதியம் கேமரனில் ஃப்ரை பிரெட். சோளா பூரியின் தடித்த அக்கா மாதிரி, மேலே பீன்ஸும் தக்காளியும். ஒரு தட்டு 15 டாலர், மூன்று பேரும் பகிர்ந்தோம். சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட காலத்தில், அரசு அளந்து கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்து அவர்கள் செய்த உணவு இது. என்ன கொழுப்பில் பொரித்தது என்று தெரிந்துகொண்ட பிறகே அம்மா கைவைத்தார். பரிமாறிய பையன் உள்ளே போய் எண்ணெய் டப்பாவையே கொண்டுவந்து காட்டினான்.

அக்டோபர் 21, திங்கள். கிராண்ட் கேன்யன்

நேற்று மாலையே டெஸர்ட் வியூ வழியாக உள்ளே வந்துவிட்டோம். மேரி கோல்ட்டர் என்ற பெண் வடிவமைத்த 70 அடிக் கல் கோபுரம் அங்கே இருக்கிறது, 1932-இல் கட்டியது. அதன் அடியில் நின்று பார்த்தால் ஆறு தெரிகிறது. ஒரு மைல் ஆழத்தில், வெள்ளி நூல். அப்பா சொல்லும் வரை எனக்குக் கண்ணில் படவில்லை.

இன்று எங்கும் போகவில்லை. விளிம்போரப் பாதையில் ஒரு பெஞ்சு, பிறகு அடுத்த பெஞ்சு. என் பழைய திட்டத்தில் இந்த நாளுக்கு ஏழு இடங்கள் எழுதியிருந்தேன்.

தெற்கு விளிம்பில் குடிக்கும் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. எதிர்ப்பக்க வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று. அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, இந்தப் பக்கம் ஏறி வருகிறது ஒரே ஒரு குழாய், 1960-களில் போட்டது. அடிக்கடி உடையும். ஆகஸ்ட் கடைசியில் உடைந்து ஒரு வாரம் யாரையும் இரவு தங்க விடவில்லை, எங்கள் பதிவும் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அப்பா குழாயில் பாட்டிலைப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் மூடினார். அண்ணாந்து குடித்துவிட்டு, "இனிப்பா இருக்கு," என்றார்.

சூரியன் ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிட்டது. சிவப்பு மங்கி ஊதாவாகி, பள்ளத்தாக்கு அடியிலிருந்து இருட்டு ஏறி வந்தது. ஊரில் அப்போது காலை ஆறரை. சித்தப்பா வயலுக்குக் கிளம்பும் நேரம். அப்பா போன் போடச் சொன்னார்.

"தம்பி, வாய்க்கால்ல தண்ணி வருதா?"

ஸ்பீக்கரில் சித்தப்பா குரல் காற்றோடு கேட்டது. மழை பிடித்துவிட்டதாம். வாய்க்காலில் இடுப்பளவு ஓடுகிறதாம், கலங்கலாக. அப்பா அந்தக் 'கலங்கலாக' என்ற சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தான் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பத்து மைல் இருக்கும், ஆறு ஒரு மைல் ஆழத்தில் ஓடுது என்றார்.

"அவ்வளவு ஆழத்துல ஓடினா எப்படிண்ணே பாய்ச்சுறாங்க?"

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். இருட்டில் நூல் மறைந்துவிட்டிருந்தது.

"பாய்ச்சலடா. இந்த இடத்துல யாரும் எடுக்க முடியாது. அது பாட்டுக்கு ஓடுது."

"சும்மாவா ஓடுது?" என்று திரும்பக் கேட்டார் சித்தப்பா.

"ஆமாண்டா," என்றார் அப்பா.